மூன்றாவது செமஸ்டரைப் பார்க்காமல் போட்ட பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படிப்பின் மீது பிடிப்பு விட்டுப்போவதைப் பற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். கைபேசி, சினிமா, சேர்க்கை சரியில்லை என்று காரணங்களை அடுக்கியிருந்தார். அவர் விட்டுவிட்ட காரணம் ஒன்று உண்டு. அது நான்தான். கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு நான்கு கடை தள்ளி, ஒரு ஜெராக்ஸ் இயந்திரமும் இரண்டு கணினியும் வைத்துப் பிழைக்கும் நாற்பத்தாறு வயதுப் பெண்.

விளங்கச் சொல்கிறேன். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை என் கடையில் உட்கார இடமிருக்காது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும். பொறியியல் விண்ணப்பம் ஒன்றுக்கு 50 ரூபாய் வாங்குகிறேன். அது தட்டச்சுக்கான கூலிதான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த உடனே தாய்மார்கள் கேட்பது, "எதைப் போட்டால் நல்லது, நீங்களே சொல்லுங்கள்" என்பது. நானோ பாரதி மகளிர் கல்லூரியில் 1997-இல் பொருளாதாரம் சேர்ந்தவள். என் தோழி அதில் சேர்ந்தாள், அதனால் நானும் சேர்ந்தேன். அந்தப் பாடம் எதைப் பற்றியது என்பதே பொங்கல் விடுமுறைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட ஒருத்திதான் பல ஆண்டுகளாக இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்துகொண்டிருந்தேன்.

2018-க்கு முன்பு பொறியியல் கலந்தாய்வுக்குக் கிண்டிக்குப் போக வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் எந்தக் கல்லூரியில் எந்தத் துறையில் எத்தனை இடம் பாக்கி என்று திரையில் ஓடும். அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நாலு வார்த்தை கேட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை. எல்லாம் ஆன்லைனுக்கு மாறியபின் அந்த ஒரு நாள் என் கடையில் இருபது நிமிடமாகச் சுருங்கிவிட்டது. அதிலும் பத்து நிமிடம் ஓ.டி.பி.க்குக் காத்திருப்பதில் போகும். எண் அப்பாவின் கைபேசிக்கு வரும், அப்பா துறைமுகத்துக்குள் லாரியில் இருப்பார். கட்-ஆஃப் கணக்கையே பலர் என்னிடம்தான் தெரிந்துகொள்கிறார்கள். கணிதம் அப்படியே 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50-க்கு, ஆக மொத்தம் 200. சம மதிப்பெண் வந்தால் பிரிப்பதற்காகத் தரும் பத்து இலக்க ரேண்டம் எண்ணைப் பார்த்து, "என் மகன் இவ்வளவா எடுத்திருக்கிறான்?" என்று பூரித்துப்போன ஒரு தகப்பனாரும் உண்டு. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பையன்தான் சொன்னான்.

ஆன்லைனில் எந்தக் கல்லூரி, எந்தத் துறை வேண்டும் என்பதை விருப்ப வரிசையில் பதிய வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தத் துறை எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்பதை வைத்து நானே தயாரித்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலில், அடுத்து ஐ.டி., அடுத்து செயற்கை நுண்ணறிவு, அதற்குப் பிறகு எலெக்ட்ரானிக்ஸ், கடைசியில் மெக்கானிக்கலும் சிவிலும். யார் வந்தாலும் அதே வரிசைதான். மதிப்பெண்ணுக்கு ஏற்றபடி கல்லூரிகளை மட்டும் மாற்றிக்கொள்வேன். சட்டை அளவைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும் தையற்காரன் கதைதான்.

2023-இல் அந்தப் பையன் வந்தான். மூன்று தெரு தள்ளி வீடு. துறைமுகத்தில் லாரி ஓட்டும் அப்பா என்று மேலே சொன்னேனே, அவருடைய மகன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். கணிதம் 78, இயற்பியல் 74, வேதியியல் 70. கட்-ஆஃப் 150. பள்ளி விட்டால் என் கடைதான் அவனுக்கு. பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு நாள், காகிதம் சிக்கிச் சிக்கி நான் அழாத குறையாக நின்றிருந்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்து எட்டிப் பார்க்கவே 400 ரூபாய். பையன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, காகிதத்தை இழுக்கும் ரப்பர் உருளையை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மெஷினில் குறையில்லை அக்கா. இதற்கு வயதாகிவிட்டது. துடைத்தால் இன்னும் மூன்று மாதம் வரும், அதற்குள் புதிது வாங்கிவிடுங்கள்" என்றான். சரியாக மூன்றாவது மாதம் கடைசியில் நின்றது.

பட்டியல் போடும்போது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மெக்கானிக்கலைக் கொஞ்சம் மேலே போடலாமா அக்கா?" நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மெக்கானிக்கல் படித்தவனுக்கு யாரப்பா வேலை தருகிறார்கள்?" என்றேன். அவன் அம்மாவும் தலையாட்டினார். பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவன் மறுபடி கேட்கவில்லை. செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் கிடைத்தது. தெருவில் லட்டு கொடுத்தார்கள். எனக்கு இரண்டு.

இந்த இடத்தில் பேராசிரியர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாதது அல்ல, கட்டுரையில் வரவில்லை, அவ்வளவுதான். அவன் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டப்படி, முதல் செமஸ்டரில் எந்தத் துறையை எடுத்தாலும் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தன. கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பைத்தான், தமிழர் மரபு. பிளஸ் டூவுக்கு அடுத்த பதின்மூன்றாம் வகுப்பு என்று பிள்ளைகள் சொல்வார்கள். எடுத்த துறை முழு முகத்தைக் காட்டுவது மூன்றாவது செமஸ்டரில். அப்போதுதான் இவன் மேசையில் தனிநிலைக் கணிதம், அல்காரிதம், தரவுத்தளம் எல்லாம் ஒரேயடியாக வந்து இறங்கின. அவை மோசமான பாடங்கள் என்று நான் சொல்லவில்லை. அதே வகுப்பில், எங்கள் பகுதியிலிருந்து போகும் ஒரு பெண், அந்தக் கணிதத்தைப் புதிர் போடுவதுபோல ரசித்துச் செய்கிறாள். இவனுக்குக் கையில் பிடித்துத் திருக ஒன்றுமே இல்லை. மெக்கானிக்கலில் அதே மூன்றாவது செமஸ்டரில் வெப்ப இயக்கவியல், பாய்மங்களும் பொறிகளும், உலோகங்கள், உற்பத்தி முறைகள் என்று இருந்தது. இதையெல்லாம் நான் படித்தது எப்போது தெரியுமா? எல்லாம் நடந்து முடிந்த பிறகு. பாடத்திட்டம் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாக இறக்கிப் படிக்கும்படி கிடக்கிறது. கணினிக் கடைக்காரி நான், ஒரு முறைகூடத் திறந்ததில்லை.

காலை ஆறு மணிக்கு மூலக்கடையில் கல்லூரிப் பேருந்து பிடிப்பதற்காக அவன் வீட்டை விட்டுக் கிளம்புவான். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு கிளம்புவது மட்டும் நடந்தது, பேருந்து ஏறுவது நின்றுவிட்டது. மாதவரத்தில் லாரி இன்ஜின் இறக்கும் பட்டறை ஒன்றில் போய் நின்றான். அங்கே முதல் மாதம் காசுகூடக் கொடுக்கவில்லை, டீயும் பன்னும்தான். மாலையில் கையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவான். தமிழ்ப் புதல்வன் என்ற அரசு உதவித்தொகைத் திட்டத்தில் மாதா மாதம் வரும் 1000 ரூபாயை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவான். முதல் முறை வந்தபோது அதில் நூறோ இருநூறோ எடுத்துக்கொண்டான் என்று அவர் பிறகு சொன்னார். தொடாமல் கொடுக்க ஆரம்பித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அழுதார்.

நவம்பரில் அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, இரண்டு நகல் எடுத்துவிட்டு, இது என்னவென்று படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். வருகைப்பதிவு 75 சதவீதம் இல்லாததால் தேர்வு எழுத முடியாது என்று இருந்தது. பழைய அரியர் ஐந்து. அதை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் திமிராகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வகுப்பில் உட்கார்ந்தால் காது அடைத்துக்கொள்கிறது அக்கா. சார் வாய் அசைவது மட்டும் தெரியும். எல்லோருக்கும் புரிகிறது, எனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்" என்றான். வெளிச்சத்தில் உருளையைத் திருப்பிப் பார்த்து மூன்று மாதம் என்று கணித்த பையன். அவன் வாயில் இந்தப் பேச்சு.

அவன் அப்பா கை ஓங்கினார். பிறகு ஓங்கிய கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டார். பையன் பட்டறைக்குப் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை, அரியர்கூட அவ்வளவு பெரிதாகப் படவில்லை. இதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வது கடினம். எங்கள் வடசென்னையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் இயந்திரம்தான். பெரம்பூரில் 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிறார்கள், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எண்ணூரில் லாரி, இந்தப் பக்கம் துறைமுகம். ஆனால் தொண்ணூறுகளில் ஆலைகள் மூடியதைப் பார்த்த தலைமுறை எங்களுடையது. என் தகப்பனாரும் அப்படி ஒரு ஆலையிலிருந்து டிபன் கேரியரோடு திரும்பி வந்தவர்தான். அன்றிலிருந்து, "கையில் கிரீஸ் படாத வேலை" என்பதே எங்கள் தெருக்களில் வரமாகக் கேட்கப்படுகிறது. குளிர்சாதன அறை, நாற்காலி, கணினி. மெக்கானிக்கலை என் பட்டியலில் கீழே தள்ளியது வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் அல்ல, என் அப்பாவின் டிபன் கேரியர். இதை உணர எனக்கு இத்தனை நாள் பிடித்தது.

கல்லூரியில் துறை மாற்றிக் கேட்டோம். வழியில்லை என்றார்கள். சரி, விலகிக்கொள்கிறோம் என்றதும், மீதி ஆண்டுகளுக்கும் கட்டணம் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழும் பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலும் கிடைக்கும் என்றார்கள். இதைப் படிக்கும் பெற்றோர் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்: பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையில், மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நான் அதை அச்செடுத்து, அந்த வரிகளுக்கு மஞ்சள் மை பூசி, பையனின் அம்மாவோடு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை கொடுத்தார்கள். முதல் இரண்டு முறையும் வாயிற்காவலர் எங்களை உள்ளே விடவில்லை, ஆனால் வெயிலில் நிற்க வேண்டாம் என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அதே அறிவிக்கையில் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் ஏறக்குறைய முழுப் பணம், பிறகு நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே வந்து, கடைசித் தேதி தாண்டி முப்பது நாளுக்கு மேல் போனால் ஒன்றுமில்லை. பணத்தைப் பொறுத்தவரை நியாயமாக இருக்கலாம். ஆனால் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அந்த முப்பது நாளில் ஆங்கில வகுப்பு காதுக்குப் பழகுவதே பெரிது. எடுத்த துறை முகத்தைக் காட்டும் முன்பே வெளியேறும் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. (மெக்கானிக்கலையும் சிவிலையும் தமிழ் வழியில் படிக்க அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே வழி செய்தது. என் பட்டியலில் அதற்கு இடமே இருந்ததில்லை.)

இப்போது அவன் பாலிடெக்னிக்கில் இருக்கிறான். பிளஸ் டூவில் கணிதமும் அறிவியலும் படித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. கணக்குப் போட்டால் ஒன்றும் குடி முழுகவில்லை. ஆனால் தெருவில் வேறு கணக்கு ஓடுகிறது. "இன்ஜினியரிங்கிலிருந்து பாலிடெக்னிக்கா? மேலேயிருந்து கீழேயா?" என்று என் கடையில் நின்றே ஒருவர் கேட்டார். அவருக்கு நான் அன்றைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கவில்லை. டோனர் தீர்ந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

பிடித்ததை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவருவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் முழு உண்மை இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண், வேறு எதுவும் கிடைக்காமல் விலங்கியல் சேர்ந்தாள். ஓராண்டு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். 2023 டிசம்பரில், புயல் மழைக்குப் பின் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது நினைவிருக்கும். அவளுடைய தாய்மாமன் வீடு அங்கேதான். படகிலும் வலையிலும் நண்டின் ஓட்டிலும் கருப்பாக ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், அந்த வாரமே என்னிடம் நண்டுகளைப் பற்றி நாற்பது பக்கம் அச்செடுத்தாள். பாதி விலைதான் வாங்கினேன். அவளுக்குப் பாடம் மாறவில்லை, அது எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

இன்னொரு பையன், பி.காம். இரண்டாம் ஆண்டு. வகுப்பில் தூங்குகிறான், அக்கறை இல்லை என்று கல்லூரியிலிருந்து கடிதம். அவன் இரவு ஒரு மணி வரை இருசக்கர வாகனத்தில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறான். தகப்பன் படுக்கையில். அவனுக்குத் துறையை மாற்றி என்ன ஆகப்போகிறது? அவனுக்கு வேண்டியது தூக்கம். இவனையும் என் பட்டறைப் பையனையும் மனம் கலைந்து இருக்கிற மற்றவர்களையும் ஒரே சாக்கில் போட்டு, "இக்கால மாணவர்களுக்கு ஆர்வமில்லை" என்று கட்டிவிடுவதுதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. யாராவது ஒரு ஆசிரியர், தொடர்ந்து பத்து நாள் வராத பையனின் வீட்டுக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு போன் செய்திருந்தால், ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். மே மாதம் முழுக்கத் தாங்கள் கல்வி இணைப்பு வெளியிடுகிறீர்கள். எந்தப் படிப்புக்கு எதிர்காலம் என்று ஒரு பக்கம், எதிர்ப்பக்கத்தில் முழு அளவில் கல்லூரி விளம்பரம், கோட்டு அணிந்த பிள்ளைகள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தப் பக்கங்களை என் கடைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருந்தேன், என் பட்டியலுக்கு அவைதாம் வேதம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பக்கத்தில், ஒவ்வொரு துறைக்கும் மூன்றாவது செமஸ்டரில் என்னென்ன பாடம், அதில் உட்கார்ந்து செய்வது எவ்வளவு, பட்டறையிலோ ஆய்வகத்திலோ நின்று செய்வது எவ்வளவு என்று தமிழில் அச்சிடுங்கள். கலை அறிவியல் படிப்புகளுக்கும் அதேபோல. அரசுக்கு என் கோரிக்கை, முதலாண்டு முடிவில் காலியிடம் இருக்கிற துறைகளுக்கு மாறிக்கொள்ள, கல்லூரி விட்டுக் கல்லூரி மாறியாவது, ஒரு சிறு கலந்தாய்வு நடத்துங்கள் என்பது. காலியிடங்கள் கிடக்கத்தான் செய்கின்றன. அவற்றை நிரப்பப் பிள்ளைகளும் தவறான வகுப்புகளில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள்.

என் கடையில் இப்போது பழைய பட்டியல் இல்லை. பிள்ளை முதலில் இரண்டு மூன்று துறைகளின் பாடத்திட்டத்தைத் திறந்து, மூன்றாவது செமஸ்டர் பக்கத்தைப் படிக்க வேண்டும், பிறகுதான் விருப்பங்களைப் பதிவேன். அந்த நேரத்தில் அம்மாக்கள் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும் என்பதும் விதி. இதனால் நேரமாகிறது என்று நான்கைந்து குடும்பங்கள் தண்டையார்பேட்டையில் வேறு கடைக்குப் போய்விட்டன. அங்கே 30 ரூபாய்தானாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம். பையனை எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும், என் பெயர் வந்தால் அவன் பெயரும் வந்ததாகிவிடும். அனுப்பும் முன் கடிதத்தை அவனிடம் காட்டி, போடலாமா என்று கேட்டேன். முழுவதையும் நின்றுகொண்டே படித்தான். தன்னைப் பற்றி எழுதியிருந்த எதையும் மாற்றச் சொல்லவில்லை. ரப்பர் உருளையை மண்ணெண்ணெயால் துடைத்தான் என்று எழுதியிருந்தேன், அந்த இடத்தில் மட்டும் விரலை வைத்தான். "மண்ணெண்ணெயா? ரப்பர் ஊதிப்போய்விடுமே அக்கா. ஸ்பிரிட்." திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை.